இலையைத் திருப்பிப் பார்க்கிற அக்கா

முதன்முதலாக அந்த அக்காவின் வீட்டு வாசலில் போய் நின்றபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தார்.

"டெக்சஸ்ல இருந்து வர்றீங்களா? அங்க எங்க தங்கியிருந்தீங்க?"

"இர்விங்லக்கா. அபார்ட்மென்ட்தான். ஏழெட்டுப் பேரு சேந்து இருந்தோம்."

"பைய அப்படி வெய்யில்ல வைங்க. கொஞ்சம் தள்ளி."

வைத்தேன். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்த சின்ன லென்ஸைக் கண்ணருகே வைத்துக்கொண்டு, அக்கா தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பையின் தையல் ஓரம், ஜிப்பின் மடிப்பு, கைப்பிடி சேரும் இடம் என்று ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். கப்பலில் சமையல்காரனாக இருந்த காலத்தில் பல துறைமுகங்களில் என் பையைக் கிண்டியிருக்கிறார்கள். யாரும் இத்தனை மரியாதையாகக் கிண்டியதில்லை. என் சட்டைகளை மடிப்புக் கலையாமல் எடுத்து, மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்தார்.

"மூட்டைப்பூச்சி இல்லீங்க. உள்ள வாங்க தம்பி."

அவ்வளவுதான் விசாரணை. என்ன படித்தாய், ஏன் அந்த ஊரை விட்டு வந்தாய் என்று எதுவும் கேட்கவில்லை. நான் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் என்பதும், இர்விங்கில் நான் தோசை போட்டுக்கொண்டிருந்த ஓட்டலை முதலாளி ஒரு திங்கட்கிழமை திறக்கவே இல்லை என்பதும் பின்னால் பேச்சுவாக்கில்தான் அவருக்குத் தெரிந்தன. சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே இருக்கிற டப்ளினில், தன் வீட்டுக் கராஜை ஓர் அறையாக மாற்றி வாடகைக்கு விட்டிருந்தார். அதில்தான் நான் இருந்தேன். பகலில் இந்திய மளிகைக் கடைகளுக்கு வேனில் சரக்குக் கொண்டுபோய்ப் போடுகிற வேலை.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கோபிச்செட்டிபாளையம் பக்கம். ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்தார். கணவரோடு பிரிந்து, மகளைக் காலேஜுக்கு அனுப்பிவிட்டு, தனியாக இருந்தார். செடிகளுக்கு வரும் பூச்சியைப் பற்றி அவர் எங்கும் படித்ததில்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு பழக்கம். எதையும் கண்ணால் பார்க்காமல் ஒன்றும் சொல்ல மாட்டார். இலை சுருண்டிருக்கிறது, மஞ்சளாகிவிட்டது, ஓட்டை விழுந்திருக்கிறது என்று போனில் யாராவது படம் அனுப்பினால், "இலைக்கு அடில பாத்தீங்களா?" என்று பதில் போடுவார். பார்க்கவில்லை என்றால் அடுத்த பதில் வராது. அந்தப் பக்கத்துத் தமிழர்களின் வாட்ஸாப் குழுவில் அவருக்கு 'பாத்துப்போட்டுச் சொல்றேன் ஆண்ட்டி' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். கோபித்துக்கொள்ளவில்லை. "உண்மைதானுங்களே" என்பார்.

அதே தெருவில் மூலை வீட்டில் வித்யா என்று ஒரு பெண் இருந்தார். சென்னைக்காரர். அவருடைய கணவர் ஒரு நாள் கத்திரிச் செடி ஒன்றைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தார். இலையெல்லாம் வெளிறி, நுனியில் மெல்லிய நூலாம்படை படர்ந்திருந்தது.

"அக்கா, இன்னும் ஸ்ட்ராங்கா ஏதாவது சொல்லுங்க. ரெண்டு வாட்டி ஸ்ப்ரே பண்ணிட்டேன். ஜாஸ்திதான் ஆவுது."

"எதுக்கு அடிச்சீங்க?"

"பூச்சிக்குத்தான்."

"எந்தப் பூச்சி?"

"பூச்சின்னா பூச்சிதானே அக்கா. அதுக்கு ஆதார் கார்டா கேக்க முடியும்?"

அக்கா சிரிக்காமல் உள்ளே போய் ஒரு வெள்ளைக் காகிதம் எடுத்து வந்தார். இலைக்கடியில் அதைப் பிடித்துக்கொண்டு, இலையை விரலால் தட்டினார். மிளகாய்த்தூள் சிந்தியதுபோல் காகிதத்தில் புள்ளிகள் விழுந்தன. கொஞ்சம் பொறுத்தால் சில புள்ளிகள் நகர்ந்தன.

"இது பூச்சியே இல்லீங்க. எட்டுக் காலு. சிலந்திப்பேன். நீங்க அடிச்ச மருந்து இதை ஒண்ணும் பண்ணலை. இதைத் தின்னுட்டிருந்த ஆளுகளையெல்லாம் கொன்னுபோட்டுது. இப்ப இது சவுரியமா உக்காந்து பெருகுது."

அப்படியே அந்த மனிதரைத் தன் அவரைப் பந்தலுக்கு இழுத்துப் போய், அங்கும் ஓர் இலையைத் தட்டிக் காட்டினார். அந்தக் காகிதத்திலும் புள்ளிகள் இருந்தன. ஆனால் ஒன்றிரண்டு ஓடின.

"பாருங்க, வேகமா ஓடுதில்ல, அது நம்ம ஆளு. வேட்டைக்குப் போகுது. மெதுவா நகர்றது உக்காந்து சாப்பிடற ஆளு."

"எங்க ஆபீஸ்லயும் இதேதான் அக்கா" என்றார் வித்யாவின் கணவர். "சரி, மருந்து சொல்லுங்க."

"தண்ணி."

"தண்ணியா?"

"காலைல ஹோஸை இலைக்கு அடில பிடிச்சு வேகமா அடிங்க. தூசியும் வெக்கையும் இருந்தா அதுக்குக் கொண்டாட்டம். தண்ணி அடிச்சும் போகலைன்னா செடிக்குன்னே விக்கிற சோப்பு இருக்குது, அதைக் கலக்கி அடிக்கலாம். வெய்யில் ஏறினப்புறம் அடிச்சுப்போடாதீங்க, இலை வெந்துபோகும்."

பெரிய மருந்துச் சீட்டை எதிர்பார்த்து வந்து வெந்நீர் குடிக்கச் சொல்லப்பட்ட நோயாளிபோல அவர் திரும்பிப் போனார். பிறகு ஒரு நாள் வாசலில் பை நிறையக் கத்திரிக்காய் தொங்கியது.

இந்தப் பழக்கத்தால் அக்காவுக்கு நட்டமும் உண்டு. ஒரு கோடையில் அவருடைய தக்காளிச் செடியை ஏதோ ஒன்று மேலிருந்து கீழாகத் தின்றுகொண்டே வந்தது. பெரிய பச்சைப் புழுவாகத்தான் இருக்கும் என்று எனக்கே தெரிந்தது. மண்ணில் மிளகு மிளகாக எச்சம் கிடந்தது. "அடிச்சுடலாம்க்கா" என்றேன். "ஆளைப் பாக்காம எப்படிங்க?" என்றார். தினமும் காலை காப்பியை வைத்துக்கொண்டு அந்தச் செடி முன்னால் உட்கார்ந்து தேடினார். அது தண்டின் நிறத்திலேயே தண்டோடு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு காலையில் பின்பக்கத்திலிருந்து, "தம்பி! பாத்துட்டேன்!" என்று சத்தம் கேட்டது. ஓடிப் போனேன். செடி வெறும் குச்சியாக நின்றது. குச்சியின் நுனியில் என் நடுவிரல் கனத்தில் ஒரு புழு. ஒளிந்துகொள்ள இலையே மிச்சமில்லாததால் கண்ணில் பட்டிருக்கிறது. அக்காவின் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

நான் இப்போது நியூஜெர்சியில் இருக்கிறேன். பனி பெய்கிற ஊர். அந்த அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் குச்சியும் அந்தச் சிரிப்பும்தான். ஆனால் அவரை நான் சரியாகத் தெரிந்துகொண்டது கறிவேப்பிலை விஷயத்தில்.

வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி, வெயில் நன்றாக விழுகிற இடத்தில், அவர் ஒரு கறிவேப்பிலை வைத்திருந்தார். எங்கள் பக்கம் அது சாதாரணம். அங்கே அது அதிசயம். குளிர்காலத்தில் பழைய போர்வைகளைப் போர்த்தி, உள்ளே சீரியல் பல்பு எரியவிட்டு, குழந்தையைப் போல வளர்த்து ஆள் உயரத்துக்குமேல் கொண்டுவந்திருந்தார். கணவரைப் பிரிந்து அந்தத் தெருவுக்கு வந்த புதிதில் அவர் வீட்டுக்கு யாரும் வரவில்லையாம். பார்ட்டிக்குக் கூப்பிட்டால் என்ன பேசுவது, கூப்பிடாவிட்டால் என்ன நினைப்பாரோ என்று இரண்டும் கெட்டு எல்லாரும் ஒதுங்கியே இருந்திருக்கிறார்கள். மரம் தழைத்தபின் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு கொத்து இலைக்கு வந்து, அரை மணி நேரம் நின்று பேசிவிட்டுப் போவார்கள்.

"என்னைய பாக்க வர்றாங்களா, என்ற மரத்தைப் பாக்க வர்றாங்களான்னு எனக்கே தெரியாதுங்க தம்பி" என்று ஒரு முறை சொன்னார். "வந்தாப் போதும்."

ஒரு வசந்த காலத்தில் வித்யா தன் காரின் பின்சீட்டில் இடுப்புயரக் கறிவேப்பிலைச் செடி ஒன்றைக் கொண்டுவந்தார். வாடிப்போயிருந்தது.

"ஆண்ட்டி, உங்க கைராசில இத எப்படியாவது தேத்திக் குடுங்க. ப்ளீஸ்."

"எங்க வாங்குனீங்க?"

"இங்கதான், பக்கத்துல ஒரு நர்சரில."

அக்கா இலைகளைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. தன் மரத்துக்குப் பக்கத்திலேயே நிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். அது தேறியது. வித்யா சந்தோஷமாக எடுத்துப் போனார்.

அதன்பின் புதுத் துளிர் விட்டபோது அக்காவின் மரத்தில் துளிர்கள் முறுக்கிக்கொண்டு வந்தன. அசுவினிப் பூச்சியாக இருக்கும் என்றேன். அக்கா லென்ஸை வைத்துப் பார்த்தார். அடுத்த துளிரையும் விரித்துப் பார்த்தார். பிறகு லென்ஸை என்னிடம் கொடுத்தார். துளிரின் இடுக்கில் மஞ்சளாகச் சின்னச் சின்னக் குஞ்சுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் சுருள் சுருளாக வெள்ளை மெழுகு நூல். இலைமேல் பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சி, தலையைக் கீழே வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு தண்டால் எடுப்பதுபோல் உட்கார்ந்திருந்தது.

"இது சைலிட்ங்க" என்றார். குரல் இறங்கிவிட்டது. "நம்ம மரத்தை இது கொல்லாது. ஆனா எலுமிச்சை, ஆரஞ்சுக்கெல்லாம் ஒரு நோயை இதுதான் தூக்கிட்டுப் போகும். அந்த நோய் வந்தா மருந்தே இல்லை. மரம் போயிரும்."

நாங்கள் இருவருமே வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தோம். பக்கத்து வீட்டில் ஒரு மெக்சிகோக்காரத் தாத்தா. தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் கொல்லையில் ஒரு பெரிய எலுமிச்சை, இரண்டு ஆரஞ்சு. காய்த்தால் பையில் போட்டு வேலியில் மாட்டிவிடுவார். அக்கா அதில் ஊறுகாய் போடுவார்.

மாலையில் அக்கா வித்யாவைக் கூப்பிட்டுவிட்டார். கணவரும் கூட வந்தார்.

"உண்மையச் சொல்லுங்க வித்யா. அந்தச் செடி எங்கிருந்து வந்துது?"

வித்யா கணவரைப் பார்த்தார். "எங்க அக்கா வீட்ல இருந்து ஆண்ட்டி. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம். அங்க இந்தப் பூச்சி இருக்கு, செடி எதையும் வெளிய எடுத்துட்டு வரக் கூடாதுன்னு எனக்கு நெஜமா தெரியாது. தெரிஞ்சப்புறம் சொல்றதுக்கு பயமா இருந்துது."

"சரிங்க. இதை மாவட்ட விவசாய ஆபீசுக்குச் சொல்லணும்."

"ஐயோ, ரிப்போர்ட்லாம் பண்ணாதீங்க ஆண்ட்டி! இவருக்கு கிரீன் கார்டு வேற பெண்டிங்ல இருக்கு. அதுவுமில்லாம, அவங்க வந்தா ஒரு வீடு விடாம பூந்து எல்லா கறிவேப்பிலையும் புடுங்கிப் போட்டுடுவாங்க."

"புடுங்குனத நீங்க பாத்தீங்களா?"

"எல்லாரும் சொல்றாங்களே!"

"சொல்றாங்க. யாரும் பாக்கலை."

வித்யாவின் கணவர் சமாதானமாக, "அக்கா, நாமளே ஸ்ட்ராங்கா ஒண்ணு அடிச்சு முடிச்சுடலாம். யாருக்கும் தெரியாது" என்றார்.

"இந்த மரத்துல அடிச்சுப்போடலாம். அது ஏற்கெனவே பறந்து வேலிக்கு அந்தப் பக்கம் போயிருந்தா? தாத்தா மரத்துல நான் ஏறிப் பாக்க முடியுங்களா?"

வித்யாவுக்கு அழுகை வந்துவிட்டது. "அப்ப பண்ணுங்க. ஆனா பாருங்க ஆண்ட்டி, அப்புறம் இந்தத் தெருவுல யாரும் உங்க வீட்டு வாசல் மிதிக்க மாட்டாங்க."

அவர்கள் போனபின் அக்கா சமையலறையில் விளக்குப் போடாமல் கொஞ்ச நேரம் நின்றார். வித்யா சொன்னது வெறும் மிரட்டல் இல்லை என்று அவருக்குத் தெரியும். அந்தத் தெருவில் ஆள் வராத வீடு எப்படி இருக்கும் என்பதை அவர் ஏற்கெனவே பார்த்தவர். மறுநாள் காலை ஆபீஸ் திறந்ததும் போன் செய்தார்.

வந்தது ஒரு இளம் பெண், சீருடைத் தொப்பியோடு. அவர் கழுத்திலும் அதே மாதிரி ஒரு லென்ஸ். இருவரும் ஒரே துளிர்மேல் தலை முட்டக் குனிந்து பார்த்துக்கொண்டு, "ஆமா, அதேதான்", "இங்கே பாருங்கள், முட்டை" என்று ஆங்கிலத்தில் பேசிக்கொண்டதைப் பார்த்தால், ஏதோ பெண் பார்க்க வந்த வீட்டில் இரண்டு சம்பந்திகளும் ஒரே ஊராகிப்போனதுபோல் இருந்தது. அந்தப் பெண் பூச்சியைக் குப்பியில் பிடித்தார். மஞ்சள் நிறத்தில் ஒட்டும் அட்டைகளை மரங்களில் மாட்டினார். எந்தச் செடியையும் பிடுங்கவில்லை. செடி எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது அக்கா, "வெளியூரிலிருந்து வந்த ஒரு செடியோடு வந்திருக்க வேண்டும். அதையும் நீங்கள் பார்க்க வேண்டும், அந்த வீட்டாரிடம் நான் பேசிக்கொள்கிறேன்" என்று மட்டும் சொன்னார். வந்த பெண் யாருடைய விசாவையும் கேட்கவில்லை. அவருக்குத் தேவை பூச்சி.

துளிர்களை வெட்டிப் பையில் கட்டச் சொன்னார்கள். வேரில் மருந்து ஊற்றினார்கள். தாத்தா வீட்டிலும் மூலை வீட்டிலும் அதையே செய்தார்கள். தாத்தாவின் எலுமிச்சையில் பூச்சி இருந்தது. நோய் இல்லை. இன்னும் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார்கள். தாத்தா வேலிமேல் கை வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

மறு உத்தரவு வரும்வரை இலையைப் பறிக்கக் கூடாது. பறிக்கலாம் என்று சொன்னபிறகும் செடியோ இலையோ அந்த வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. இதுதான் நிபந்தனை.

அந்தக் கோடை முழுவதும் அக்கா வீட்டுக்கு யாரும் வரவில்லை. வாட்ஸாப் குழுவில் அவர் ஏதாவது போட்டால் கீழே ஒன்றும் வராது. சாயங்காலம் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது தெருவில் கார் போனால் நிமிர்ந்து பார்ப்பார். கார் நிற்காது. மறுபடி இலையைத் திருப்புவார். நான் பல ஊர்களில் தனியாக இருந்திருக்கிறேன், எனக்கு அது பழக்கம். அவருக்குப் பழக்கமாகாமல் இருந்தது நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.

மழை தொடங்குவதற்கு முன் அந்த ஆபீஸ் பெண் வந்து அட்டைகளைப் பார்த்தார். ஒன்றும் சிக்கவில்லை. மரம் முழுக்கப் புதுத் துளிர், முறுக்கே இல்லாமல். இனி வீட்டுக்குள் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார். அவர் போன பிறகு அக்காவுக்கு ஏதோ தோன்றியிருக்கிறது. போன் செய்து ஒரு கேள்வி கேட்டார். எதிர்ப்பக்கத்தில் அந்தப் பெண் சிரிப்பது எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு அக்கா குழுவில் இப்படிப் போட்டார்:

'பச்சை இலை வெளியே வரக் கூடாது. எண்ணெயில் வெந்த இலை வரலாம். கேட்டுப்போட்டேன். சனிக்கிழமை காலை சாம்பாரோ ரசமோ பாத்திரத்தோடு கொண்டு வாங்க. நம்ம வீட்டில் தாளிச்சுக்கலாம்.'

பதில் வரவில்லை. ஆனாலும் சனிக்கிழமை அக்கா பின்கட்டில் கேஸ் அடுப்பை எடுத்துப் போட்டார். "தம்பி, இன்னிக்கு வேனை எடுக்காதீங்க. கரண்டி பிடிக்க ஆள் வேணும்" என்றார். வராவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. எண்ணெய்ப் பாட்டிலை ஒரு முறை இடம் மாற்றி வைத்தார். பிறகு பழைய இடத்துக்கே நகர்த்தினார்.

பக்கவாட்டுக் கேட்டில் சத்தம் கேட்டது. வித்யா. இரண்டு கையிலும் துணி சுற்றிய குக்கர்.

"சீட் பெல்ட் போட்டு எடுத்துட்டு வந்தேன் ஆண்ட்டி. ஆனாலும் கொஞ்சம் கொட்டிடுச்சு" என்றார். கண் கலங்கியிருந்தது.

அக்கா மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். "பருப்பு நல்லா வெந்திருக்குது. புளிதான் கொஞ்சம் தூக்கல். வைங்க இப்படி."

நான் எண்ணெய் ஊற்றினேன். கடுகு வெடித்தது. அக்கா மரத்திலிருந்து ஒரு கொத்தை உருவிப் போட்டார். படபடவென்று அது பொரிந்த சத்தத்தில் வித்யா பின்னால் துள்ளி, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொரு கார் வந்தது. பிறகு இன்னொன்று. ரசம், கூட்டு, மோர்க்குழம்பு. யாரோ ஒருவர் உப்புமாவுக்கு ரவையையே கொண்டுவந்துவிட்டார். "இது தாளிப்பு இல்லைங்க, முழுச் சமையல்" என்று அக்கா அதட்ட, எல்லாரும் சிரித்தார்கள்.

அப்போது வேலிக்கு மேல் தாத்தாவின் தலை தெரிந்தது. கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் காணாமல் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு மண்சட்டி. அதில் அவர்கள் வீட்டு வழக்கப்படி வேகவைத்த பீன்ஸ். அதை வேலிமேல் ஜாக்கிரதையாக வைத்துவிட்டு, அக்காவைப் பார்த்துக் கேட்டார்:

"அந்தச் சத்தத்தை இதிலும் கொஞ்சம் ஊற்றித் தர முடியுமா?"